மாஸ்ட்ஹெட்னா என்ன? கப்பல்லயும் இருக்கு, பேப்பர்லயும் இருக்கு

பாய்மரப் படகு ஓட்டுற ஒருத்தர்கிட்ட "மாஸ்ட்ஹெட் எங்க?"னு கேட்டீங்கன்னா அண்ணாந்து வானத்தைப் பாப்பாரு. அதே கேள்விய லண்டன்ல ஒரு பேப்பர் ஆபீஸ்ல கேட்டா, முதல் பக்கத்தோட உச்சியில பெரிய எழுத்துல இருக்கிற பேப்பர் பேரைக் காட்டுவாங்க. நியூயார்க் பேப்பர் ஆபீஸ்ல கேட்டா முதல் பக்கத்தையே விட்டுட்டு, உள்ள புரட்டி, ஆசிரியர் யாரு, துணை ஆசிரியர் யாருன்னு பேரெல்லாம் வரிசையா போட்டிருக்கிற ஒரு சின்ன கட்டத்தைக் காட்டுவாங்க. மூணு பேர் சொல்றதும் சரிதான். வார்த்தை ஒண்ணு, அர்த்தம் மூணு.

புதுசா பத்திரிகை வேலைக்கு வர்றவங்க, டிசைன் படிக்கிறவங்க எல்லாருமே இங்கதான் குழம்புவாங்க. ஆனா இந்த மூணு அர்த்தமும் ஏதோ தற்செயலா ஒரே பேர்ல வந்து ஒட்டிக்கல, நடுவுல ஒரு கொடி இருக்கு, அந்தக் கொடியப் புடிச்சுக்கிட்டா மூணும் புரிஞ்சிடும். அதனால கப்பல்லேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

மாஸ்ட்னா பாய்மரம், ஹெட்னா தலை. பாய்மரத்தோட உச்சிப்பகுதி, அவ்வளவுதான். கொஞ்சம் கறாரா சொல்லணும்னா, பழைய பெரிய பாய்மரக் கப்பல்கள்ல ஒரு பாய்மரம்ங்கிறது ஒரே மரத்துண்டு கிடையாது. கீழ்மரம், அதுக்கு மேல இன்னொரு மரம், அதுக்கும் மேல இன்னொண்ணுன்னு அடுக்கடுக்கா ஒண்ணோட ஒண்ண சேத்துக் கட்டியிருப்பாங்க, அதுல கீழ்மரத்தோட தலையும் மேல்மரத்தோட காலும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற அந்த இணைப்புப் பகுதியையும் மாஸ்ட்ஹெட்னுதான் சொல்லுவாங்க. ஆனா பொதுப்பேச்சுல மாஸ்ட்ஹெட்னா ஆகக் கடைசி உச்சி. அந்த உச்சியில தொப்பி மாதிரி ஒரு சின்ன வட்டக்கட்டை இருக்கும், அதுக்கு ட்ரக்னு பேரு, ரோட்டுல ஓடுற ட்ரக்கோட குழப்பிக்காதீங்க. அந்தக் கட்டையில கொடிக்கயிறு போறதுக்கு ஓட்டை இருக்கும். இந்த ஓட்டைய ஞாபகம் வச்சுக்கோங்க, பேப்பர் கதை இதுவழியாதான் வருது.

சரி, அந்த உச்சிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? முதல் காரணம் கண்ணு. பூமி உருண்டைங்கிறதால கடல்ல நாம பாக்கக்கூடிய தூரம் நாம நிக்கிற உயரத்தைப் பொறுத்தது. கணக்கு ரொம்ப சிம்பிள், உங்க கண்ணு தண்ணிமட்டத்துலேர்ந்து எத்தனை மீட்டர் உயரத்துல இருக்கோ அதோட வர்க்கமூலத்தை 3.57-ஆல பெருக்குங்க, அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு தோராயமா வந்துடும். மேல்தளத்துல நிக்கிறவரோட கண்ணு 5 மீட்டர் உயரத்துல இருந்தா சுமார் 8 கிலோமீட்டர். அதே ஆளு 36 மீட்டர் உயர மாஸ்ட்ஹெட்டுக்கு ஏறிட்டா 21 கிலோமீட்டருக்கு மேல. எதிர்ல வர்ற கப்பலுக்கும் அதே உயரத்துல பாய்மரம் இருக்குன்னா ரெண்டு உச்சியும் ஒண்ணை ஒண்ணு 40 கிலோமீட்டருக்கு மேல இருந்தே பாத்துக்க முடியும், அதாவது வானிலை தெளிவா இருந்தா, கீழ்தளத்துல இருக்கிறவங்களுக்கு அப்படி ஒரு கப்பல் வர்றதே தெரியாத நேரத்துல மேல இருக்கிறவர் கூவிடுவாரு. சண்டைக் காலத்துல இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

அதனால மேல எப்பவும் ஒரு ஆளு இருந்தாரு. குளிர்ல, மழையில, கப்பல் ஆடுற ஆட்டத்துல. கப்பல் கீழ கொஞ்சம் சாஞ்சாலே உச்சியில அது பெரிய ஊஞ்சலாயிடும்ங்கிறது யோசிச்சுப் பாத்தா புரியும். ஆர்க்டிக் கடல்ல திமிங்கல வேட்டைக்குப் போன வில்லியம் ஸ்கோர்ஸ்பிங்கிற கேப்டன் 1807-ல ஒரு பீப்பாய பாய்மரத்து மேல கட்டி அதுக்குள்ள ஆள நிக்க வச்சாரு, குளிர்காத்துலேர்ந்து கொஞ்சம் தப்பிக்கலாம்னு. க்ரோஸ் நெஸ்ட்னு சொல்ற கண்காணிப்புக் கூண்டு அவர் பேரோடதான் சேத்து சொல்லப்படுது. நீராவிக் கப்பல் வந்தப்புறமும் இந்தக் கூண்டு போகல. 1912 ஏப்ரல் 14 ராத்திரி டைட்டானிக்ல பனிப்பாறைய முதல்ல பாத்து மணி அடிச்சவரு ஃப்ரெட்ரிக் ஃப்ளீட், அவர் நின்னது முன்பாய்மரத்துல இருந்த அந்தக் கூண்டுலதான்.

இன்னொரு உபயோகமும் இருந்துச்சு, தண்டனை. பிரிட்டிஷ் கடற்படையில மிட்ஷிப்மேன்னு சொல்ற பயிற்சி அதிகாரிங்க, பாதிப்பேரு சின்னப் பசங்கதான், ஏதாவது சேட்டை பண்ணினா கேப்டன் "மேல போ"ன்னு உச்சிக்கு அனுப்பிடுவாரு, எறங்கச் சொல்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கணும். மாஸ்ட்ஹெட்ங்கிற சொல்லையே வினையாக்கி, இன்னைக்கு அவனை மாஸ்ட்ஹெட் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்குவாங்களாம்.

இப்ப கொடிக்கு வருவோம். நமக்கு வேண்டிய விஷயமே இதுதான்.

கப்பல்லயே உயரமான இடம், எல்லா திசையிலேர்ந்தும் மறைப்பில்லாம தெரியிற இடம், அப்ப அடையாளத்தை வேற எங்க வைப்பாங்க? கொடிய அங்க ஏத்துனாங்க. அந்தக் கொடி ரெண்டு சேதி சொல்லும். ஒண்ணு, இது யாரோட கப்பல், நம்மாளா எதிரியா. ரெண்டு, இதுல யாரு தலைமை. பிரிட்டிஷ் கடற்படையில இதுக்கு ஒரு ஒழுங்கே இருந்துச்சு, பெரிய பதவியிலேர்ந்து எறங்குவரிசையா சொன்னா: அட்மிரல் கொடி நடுப்பாய்மர உச்சியில, வைஸ் அட்மிரல் கொடி முன்பாய்மர உச்சியில, ரியர் அட்மிரல் கொடி பின்பாய்மர உச்சியில. 1805-ல ட்ரஃபால்கர் கடல் சண்டையில பிரிட்டிஷ் தளபதி நெல்சன் வைஸ் அட்மிரல், அதனால விக்டரி கப்பல்ல அவர் கொடி முன்பாய்மரத்துல பறந்துச்சு. தூரத்துலேர்ந்து தொலைநோக்கியில பாக்கிற ஒருத்தன் எந்த மரத்துல கொடி இருக்குங்கிறத மட்டும் பாத்தே உள்ள எந்த அந்தஸ்துல ஆளு இருக்காருன்னு சொல்லிடலாம். இப்படி அட்மிரல் கொடி பறக்கிற கப்பல்தான் ஃப்ளாக்ஷிப். இன்னைக்கு மொபைல் கம்பெனிக்காரங்க தங்களோட காஸ்ட்லி மாடலுக்கு இந்தப் பேரை வச்சு வித்துக்கிட்டு இருக்காங்க, அதுல கொடியும் இல்ல கப்பலும் இல்ல.

கொடி கீழ எறங்குச்சுன்னா சரணடைஞ்சாச்சுன்னு அர்த்தம். இது எவ்வளவு சீரியஸான விஷயம்னு பாக்க 1797 அக்டோபர் 11-ந்தேதி நடந்த கேம்பர்டவுன் சண்டைய எடுத்துக்கலாம். டச்சுக் கப்பல்களுக்கும் பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் சண்டை, அட்மிரல் டங்கன் இருந்த வெனரபிள் கப்பலோட பாய்மர உச்சிய குண்டு ஒடச்சிடுச்சு, கொடியும் சேந்து விழுந்துடுச்சு. மத்த கப்பல்காரங்க பாத்தா அட்மிரல் தோத்துட்டாருன்னு நெனச்சுக்குவாங்க. அப்ப ஜாக் க்ராஃபோர்டுங்கிற ஒரு சாதாரண மாலுமி குண்டு பறந்துக்கிட்டு இருக்கும்போதே மிச்சமிருந்த மரத்துல ஏறி கொடிய ஆணி வச்சு அடிச்சிட்டாரு. கயித்துல கட்டின கொடிய எறக்கலாம், ஆணி அடிச்ச கொடிய எறக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். கொள்கையில உறுதியா நிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இன்னைக்கும் கொடிய பாய்மரத்துல ஆணி அடிக்கிறதா ஒரு வழக்கு உண்டு.

இந்த மாதிரி பேச்சு கடல்ல மட்டும் இருக்கல, கரையில இருந்தவங்க வாயிலயும் வந்துடுச்சு. அந்தக் காலத்து செய்தியே கப்பல்ல வந்ததுதானே. துறைமுகத்துல கப்பல் வந்து நின்னா பேப்பர்காரங்க ஓடுவாங்க, வெளிநாட்டுப் பேப்பரை வாங்கி அதுலேர்ந்து எடுத்துப் போடுவாங்க, எந்தக் கப்பல் வந்துச்சு எது கெளம்புச்சுங்கிறதே தெனமும் ஒரு பெரிய பத்தி. அப்படிப்பட்ட ஆளுங்க தங்களோட பேப்பருக்கு உறுப்புகள் பேர் வைக்கும்போது கப்பல் வார்த்தைய எடுத்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பேப்பரோட தலைப்பகுதிய மாஸ்ட்ஹெட்னு சொல்றது 1830-கள்லேயே பதிவாயிருக்கு. அமெரிக்கால அதே தலைப்பகுதிக்கு இன்னொரு பேரு ஃப்ளாக், அதாவது கொடி. நேம்ப்ளேட்னும் சொல்லுவாங்க. மாஸ்ட்ஹெட், கொடி, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கிறத பாத்தாலே எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுது.

பேப்பரோட முதல் பக்க மாஸ்ட்ஹெட்ல என்னெல்லாம் இருக்கும்? பேப்பர் பேரு, அதுக்குன்னே வரைஞ்ச எழுத்துல. சின்னம் இருந்தா சின்னம். ஒரு கொள்கை வாசகம். கீழ ஒரு கோடு போட்டு தேதி, இதழ் எண், விலை. பேருக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன கட்டம் இருந்தா அதுக்கு இயர்னு பேரு, காது. தலைக்குக் காது வேணும்ல. நியூயார்க் டைம்ஸ் பேப்பரோட இடது காதுல இருக்கிற, அச்சடிக்கத் தகுந்த எல்லா செய்தியும்ங்கிற பொருள்ல வர்ற வாசகம் முதல் பக்கத்துக்கு வந்தது 1897 பிப்ரவரியில, இன்னும் அங்கேயேதான் இருக்கு.

கடையில தொங்கும்போது ஒரு பார்வையில அடையாளம் தெரியணும்ங்கிறதால பேப்பர்காரங்க மாஸ்ட்ஹெட்ல கை வைக்கவே பயப்படுவாங்க. நியூயார்க் டைம்ஸையே பாருங்க, நியூ, யார்க் ரெண்டுக்கும் நடுவுல இருந்த சின்னக் கோட்டை 1896-ல எடுத்தாங்க, பேருக்குக் கடைசியில இருந்த முற்றுப்புள்ளிய எடுக்க 1967 ஆகிடுச்சு. ஒரு புள்ளிக்கு 70 வருஷம் யோசனை! லண்டன் டைம்ஸ் இதுல தைரியசாலி, 1932 அக்டோபர் 3-ந்தேதி அதுவரைக்கும் இருந்த பழைய கோத்திக் எழுத்து மாஸ்ட்ஹெட்ட தூக்கிட்டு சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறிடுச்சு. அன்னைக்குத்தான் உள்பக்கத்துக்கும் புது எழுத்துரு வந்துச்சு, நம்ம கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கிற டைம்ஸ் நியூ ரோமன் அதுதான், பேர்லயே டைம்ஸ் இருக்கே. கோத்திக் எழுத்த ஏன் இத்தனை பேப்பர் இன்னும் விடாம வச்சிருக்காங்கன்னா அது ஐரோப்பால ஆரம்பகால அச்சு எழுத்து, பாத்தவுடனே "நாங்க பழைய ஆளுங்க, நம்பலாம்"னு ஒரு தோரணை வந்துடும். படிக்க கஷ்டம்தான், ஆனா மாஸ்ட்ஹெட்ட யாரும் எழுத்துக் கூட்டி படிக்கிறதில்ல, முகத்தைப் பாக்கிற மாதிரி பாத்துட்டுப் போறாங்க.

கொடிக்கு இருந்த அரசியலும் அப்படியே பேப்பர் மாஸ்ட்ஹெட்டுக்கு வந்துடுச்சு. அமெரிக்கப் புரட்சிக்கு முன்னாடி 1774-ல மாசசூசெட்ஸ் ஸ்பைங்கிற பேப்பர் தன்னோட மாஸ்ட்ஹெட்ல துண்டு துண்டா கெடக்கிற ஒரு பாம்பு ஒரு டிராகன எதிர்க்கிற மாதிரி படம் போட்டுச்சு, துண்டுங்க எல்லாம் பிரிட்டன் ஆண்ட அமெரிக்கக் காலனிகள், டிராகன் பிரிட்டன், செதுக்கினவர் பால் ரெவியர். செய்தியப் படிக்கிறதுக்கு முன்னாடியே இந்தப் பேப்பர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். 1847-ல ஃப்ரெட்ரிக் டக்ளஸ், தானே அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவர், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல நார்த் ஸ்டார்னு பேப்பர் ஆரம்பிச்சாரு. நார்த் ஸ்டார்னா வடதுருவ நட்சத்திரம், மாலுமிங்க திசை பாக்கிறது, தெற்குலேர்ந்து தப்பிச்சு ஓடுற அடிமைங்களும் ராத்திரியில அதைப் பாத்துதான் வடக்கே நடந்தாங்க. உரிமைக்கு ஆண் பெண் கிடையாது, உண்மைக்கு நிறம் கிடையாதுன்னு ஆரம்பிக்கிற வாசகம் அதோட தலையில இருந்துச்சு. பேரும் வாசகமும் சேந்து பாதி தலையங்கத்தை சொல்லிடுச்சு.

இப்ப மூணாவது அர்த்தம், அந்தப் பேர்ப்பட்டியல் கட்டம். முதல் பக்கத்து உச்சியில இருந்த பேரு எப்படி உள்பக்கத்து மூலைக்குப் போச்சு?

19-ம் நூற்றாண்டு அமெரிக்கப் பேப்பருங்க பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சியோட பேப்பருங்க, அதை மறைக்கவும் மாட்டாங்க. தலையங்கப் பத்தியோட உச்சியில பேப்பர் பேரை இன்னொரு தடவை சின்னதா போட்டு, அதுக்குக் கீழ நாங்க ஆதரிக்கிற ஜனாதிபதி வேட்பாளர் இவர், துணை ஜனாதிபதி இவர்னு தேர்தல் முடியிற வரைக்கும் தெனமும் போடுவாங்க. கொடியேத்துறதுதான் இது, வேற என்ன? அதே எடத்துலதான் ஆசிரியர் யாரு, வெளியிடுறவர் யாருங்கிற விவரமும் இருந்துச்சு. வேட்பாளர் பேரு போடுற பழக்கம் போயிடுச்சு, ஆசிரியர் பேரு நின்னுடுச்சு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம், கப்பல் கொடி சொன்ன ரெண்டு சேதியும் அப்படியே ரெண்டா பிரிஞ்சு நிக்குது: யாரோட கப்பல்ங்கிறது முதல் பக்கத்துல, யாரு தலைமைங்கிறது உள்பக்கத்துல. பிரிட்டிஷ்காரங்க முதலாவத மாஸ்ட்ஹெட்னாங்க, அமெரிக்கக்காரங்க ரெண்டாவத. அவங்க சண்டை போடுறத விட்டுட்டா ரெண்டும் சரி.

பேரு போடுறது மரியாதைக்காகனு நெனச்சுடாதீங்க, அதுல சட்டமும் பயமும் இருக்கு. 1733-ல நியூயார்க்ல ஜான் பீட்டர் ஸெங்கர்ங்கிற அச்சகக்காரர் நியூயார்க் வீக்லி ஜர்னல்னு ஒரு வாரப்பத்திரிகை அச்சடிக்க ஆரம்பிச்சாரு. கவர்னர் வில்லியம் காஸ்பிய அதுல கிழிகிழின்னு கிழிச்சாங்க. எழுதினவங்க எல்லாரும் படிச்ச பெரிய மனுஷங்க, புனைபேர்ல எழுதினாங்க, பத்திரிகையில நெசமான பேரு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அச்சடிச்சவர் ஸெங்கர்னு. கவர்னர் யாரைப் பிடிப்பாரு? 1734 நவம்பர்ல ஸெங்கரை உள்ள வச்சாங்க, ஒம்பது மாசம் கிட்ட ஜெயில்ல இருந்தாரு, அவர் மனைவி அன்னா பத்திரிகைய நிக்க விடாம நடத்தினாங்க. 1735 ஆகஸ்ட்ல வழக்கு வந்தப்ப வக்கீல் ஆண்ட்ரூ ஹாமில்டன் "ஆமா, இவர்தான் அச்சடிச்சாரு, ஆனா அச்சடிச்சது உண்மை"ன்னு வாதாடினாரு, ஜூரி விடுதலை பண்ணிட்டாங்க. பத்திரிகை சுதந்திர வரலாறுல எல்லாரும் சொல்ற வழக்கு இது. அந்தப் பேர் வரிய அப்ப யாரும் மாஸ்ட்ஹெட்னு சொல்லல, ஆனா வேலை அதே வேலைதான்: யாரு பொறுப்புன்னு கேட்டா கை நீட்டுறதுக்கு ஒரு பேரு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் அரசாங்கங்களும் சட்டம் போட்டுச்சு. பிரிட்டன்ல 1799-ல வந்த ஒரு சட்டம் அச்சடிக்கிற தாள்ல அச்சகக்காரர் பேரும் முகவரியும் இருந்தே ஆகணும்னுச்சு, பிரெஞ்சுப் புரட்சி பயத்துல வந்தது அது. அங்க இந்த விவரத்துக்கு இம்ப்ரிண்ட்னு பேரு. இந்தியால 1867 சட்டம் அதே மாதிரி கேட்டுச்சு, இப்ப அதுக்குப் பதிலா 2023-ல நிறைவேறின புது சட்டம் வந்துடுச்சு. அமெரிக்கால கதை தபால் வழியா வருது, சலுகைக் கட்டணத்துல தபால்ல அனுப்பணும்னா பத்திரிகை பேரு, எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, ஆபீஸ் முகவரி இதெல்லாம் உள்ள அச்சாகியிருக்கணும், அது பெரும்பாலும் மாஸ்ட்ஹெட் கட்டத்துலயே போய் உக்காந்துடும்.

அந்தப் பட்டியல்ல பேரு வர்றது ஒரு அந்தஸ்தும் கூட. நியூயார்க் டைம்ஸ்ல மேல்மட்ட ஆசிரியர்களையே மொத்தமா மாஸ்ட்ஹெட்னு சொல்லுவாங்க, ஒருத்தருக்கு பெரிய ப்ரமோஷன் வந்தா அவர் மாஸ்ட்ஹெட்டுக்குப் போயிட்டாருன்னு பேச்சு. ஆஸ்திரேலியால இன்னும் ஒரு படி மேல, பேப்பரையே மாஸ்ட்ஹெட்னு சொல்றாங்க, அந்தக் கம்பெனி கையில இத்தனை மாஸ்ட்ஹெட் இருக்குன்னா இத்தனை பேப்பர் இருக்குன்னு அர்த்தம். வெப்சைட் டிசைன் பண்றவங்க பக்கத்தோட உச்சியில லோகோவும் மெனுவும் இருக்கிற பட்டைய மாஸ்ட்ஹெட்ங்கிறாங்க, அது பிரிட்டிஷ் அர்த்தத்தோட பேரப்பிள்ளை. ஒரு நியூஸ் வெப்சைட் நம்பலாமா வேணாமான்னு பாக்கணும்னா அமெரிக்க அர்த்தத்துல மாஸ்ட்ஹெட் இருக்கான்னு தேடிப் பாருங்க, எங்களைப் பத்திங்கிற பக்கத்துல நெசமான ஆசிரியர் பேரும் முகவரியும் இல்லன்னா அந்த சைட் கொடியில்லாத கப்பல், தள்ளி நிக்கிறது நல்லது.

கடல்ல அந்த வார்த்தை இன்னும் சாகல, சொல்லப்போனா அங்கதான் இப்ப பெரிய குழப்பமே. சர்வதேச கடல் போக்குவரத்து விதிகள் 1972-ல மாஸ்ட்ஹெட் லைட்னு ஒண்ணு இருக்கு, முன்பக்கம் 225 பாகைக்குத் தெரியிற வெள்ளை விளக்கு, எஞ்சின்ல ஓடுற கப்பல் ராத்திரி போட்டே ஆகணும், 50 மீட்டரும் அதுக்கு மேலயும் நீளம்னா பின்னாடி இன்னொண்ணு, முன்னதை விட உயரத்துல. பேரை வச்சு இது உச்சியிலதான் இருக்கும்னு நெனப்பீங்க. சின்ன பாய்மரப் படகுகள்ல பாத்தா இந்த மாஸ்ட்ஹெட் லைட் பெரும்பாலும் பாய்மரத்தோட பாதி உயரத்துலதான் இருக்கும், நெசமான உச்சியில இருக்கிறது சிவப்பு பச்சை வெள்ளை மூணும் சேந்த வேற ஒரு விளக்கு. அது 20 மீட்டருக்குக் குறைவான படகு பாயில ஓடும்போது போட்டுக்கிறது. எஞ்சின போட்டவுடனே உச்சி விளக்க அணைச்சுட்டு, கீழ இருக்கிற பக்க விளக்கு, பின் விளக்கோட பாதி உயரத்து மாஸ்ட்ஹெட் லைட்ட போடணும். படகு ஓட்டக் கத்துக்கிறவங்க பரீட்சைக்கு முன்னாடி இதை ரெண்டு தடவை படிச்சுக்கிறது நல்லது.